முந்நூறு என்றது விளம்பரம்

நாச்சாரத்துப் பட்டறையில், சக்கரத்துக்கு வரும் குதிரைசக்தியை அளக்கும் உருளைகள் மேல் ஒரு பழைய அமெரிக்க கார் உறுமுகிறது. உள்ளே ஜெயந்தி. பாதுகாப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்றவர். துருப்பிடித்த இன்ஜினைப் பிரித்து, ஆறு வருடமாகத் தன் கையாலேயே பூட்டியிருக்கிறார்.

"கம்பெனிக்காரன் விளம்பரத்துல முந்நூறு குதிரைசக்தின்னு போட்டிருக்கான். அந்தக் காலத்துல கூட்டித்தானே போடுவாங்க?" என்கிறேன், குறிப்பெடுக்க நோட்டைத் திறந்தபடி.

"நக்கோ சார், அப்படிச் சொல்லாதீங்க. இந்த மெக்கானிக்குகளும் அதைச் சொல்லித்தான் சிரிக்கிறாங்க. இன்சூரன்ஸ் ஏறக்கூடாதுன்னு இந்த இன்ஜினுக்குக் குறைச்சுப் போட்டான்."

ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். தகரக் கூரை அதிர்கிறது. உருளைகளோடு இணைத்த திரையில் எண் முந்நூறைத் தாண்டி ஏறுகிறது. சிரித்த மெக்கானிக்குகளே விசிலடிக்கிறார்கள்.

ஜெயந்தி இறங்கி வந்து, கிரீஸ் படிந்த விரலால் என் நோட்டைத் தட்டுகிறார்.

"எழுதிக்கோங்க சார். முந்நூத்திப் பதினெட்டு!"