தாமலுக்குப் போகாத பிரசவம்

இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில்தான் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். ஆனால் கலைவாணியின் மாமியார் இறந்து மூன்று வருஷமாகிவிட்டது. வீட்டில் கூடமாட நிற்க வேறு பெண்பிள்ளை இல்லை. அதனால் கலைவாணியின் அம்மா தையல்நாயகி யாரையும் கேட்காமலே முடிவு செய்துவிட்டாள். இதுவும் தாமலில்தான், தன் வீட்டில்தான்.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் தாமலிலிருந்து பஸ் ஏறி, கை நிறையப் பையோடு, பிரசவத்துக்குச் சேர்த்து வைத்ததையெல்லாம் மகளுக்குக் காட்ட வந்தாள். பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்து மடித்த பிள்ளைத்துணி, வசம்பு, லேகியத்துக்கு வாங்கிய சாமான்கள். அடியில் ஒரு நூல் சேலை இருந்தது.

"ஜீவிதாவுக்குத் தூளி கட்டினது. பத்திரமா வெச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

கலைவாணி அந்தச் சேலையைக் கையில் வாங்கினாள். வெளுத்துப் போன பச்சை. மடித்து மறுபடி பைக்குள்ளேயே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போவதுபோல் சமையலறைக்குப் போய்விட்டாள்.

பெரிய காஞ்சிபுரத்தில், ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் அவர்கள் வீடு. கணவன் சிவபாலன் பட்டு நெய்கிறவன். கோர்வைச் சேலை, அதாவது உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் இணைத்து நெய்கிற சேலை என்றால் தறியில் இரண்டு பேர் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவன் வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நாடா, அதாவது ஊடை இழையை ஓட்டுகிற கட்டை, போடுகிறவள் கலைவாணிதான். அவன் அதிகம் பேசமாட்டான். தறியில் பேச வேண்டிய அவசியமும் இல்லை. அவள் கை எப்போது தயங்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஐந்து வருஷமாக அவனுக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது.

மூத்த மகள் ஜீவிதா பிறந்தது தாமலில் அம்மா வீட்டிலிருந்தபோது. பத்து நாள் வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு தூக்கம் போயிற்று. குழந்தை தூங்கும்போதுகூட அது அழுகிற சத்தம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பால் கொடுக்க மடியில் வாங்கினால், இது யாருடைய பிள்ளை என்று தோன்றியது. அப்படித் தோன்றுகிறதே என்று வெட்கமாக இருந்தது. தான் இல்லாமல் போனால் குழந்தை நன்றாக வளரும் என்கிற எண்ணம் முதலில் எப்போதாவது வந்தது. பிறகு வந்தது போகவேயில்லை.

பத்தொன்பதாம் நாள் மத்தியானம், அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்த சமயம், குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டு ஏரிக்கு நடந்தாள். அந்த வருஷம் நல்ல மழை, ஏரி நிறைந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் அவள் நின்றதை, மாடு கழுவ வந்த ஒருவர் பார்த்துக் கையைப் பிடித்துக் கரையேற்றினார். வீட்டுக்கு அழைத்து வந்தபோது குழந்தை அழுது அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டு கிடந்தது.

தையல்நாயகி அதைக் காற்று சேஷ்டை என்றாள். தாயத்து கட்டினாள், மந்திரித்தாள். மகளுக்கு மஞ்சள்காமாலை என்று மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்பினாள். பத்தியம் இருக்கிறாள், யாரும் கிட்ட வரக்கூடாது என்றாள். குழந்தையைப் புட்டிப்பாலில் வளர்த்தாள். இரவு பகலாக மகளைத் தனியே விடாமல் பார்த்துக்கொண்டாள். ஐந்தாறு மாதத்தில் அது மெல்ல மெல்ல விலகிற்று. மகள் புருஷன் வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அவளை உள்ளே கூப்பிட்டுச் சொன்னாள்:

"இது உன் வாயில இருந்து ஒரு நாளும் வரக்கூடாது. தெரிஞ்சா திருப்பி அனுப்பிச்சிடுவாங்க."

அதனால்தான் இந்த முறை மூன்றாம் மாதம் சுகாதார நிலையத்தில் பதிவு செய்யப் போனபோது, "முதல் பிரசவத்துல ஏதாவது தொந்தரவு இருந்ததா?" என்று நர்ஸ் மேரி கேட்டதற்கு, பக்கத்தில் இருந்த தையல்நாயகி முந்திக்கொண்டு "ஒண்ணும் இல்லமா, சுகப்பிரசவம்" என்று சொன்னாள். மேரி அதையே எழுதிக்கொண்டாள்.

தூளிச் சேலை வந்த இரண்டாம் நாள், ஜீவிதாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுக் கலைவாணி நேரே சுகாதார நிலையத்துக்குப் போனாள். கூட்டம் குறைகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயதுக்காரியான மேரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாமா, இன்னிக்கு உனக்கு டெஸ்ட் இல்லையே."

"இல்ல சிஸ்டர். மூணாம் மாசத்துல ஒண்ணு கேட்டீங்க. அதுக்கு எங்கம்மா பதில் சொன்னாங்க. நான் சொல்லல."

மேரி பேனாவைக் கீழே வைத்தாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கலைவாணி எல்லாவற்றையும் சொன்னாள். அழுகை வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சொல்லி முடித்தாள்.

"இப்ப அந்த மாதிரி எண்ணம் வருதா?"

"இல்ல சிஸ்டர். வந்துடுமோன்னு பயந்தான் இருக்குது."

"காத்தும் இல்ல, கருப்பும் இல்ல. பிள்ள பெத்தவங்களுக்கு வர்ற நோவு இது. எத்தினியோ பேருக்கு வருது, வெளிய சொல்றதில்ல. ஒரு தடவ வந்தவங்களுக்கு மறுபடி வரலாம். வராமயும் போலாம். வந்தா மருந்து இருக்குது." மேரி ஒரு சீட்டை எழுதினாள். "இத எடுத்துக்கினு பெரிய ஆஸ்பத்திரில மனநல டாக்டரப் பாரு. ஆனா உன் வீட்டுக்காரருக்குத் தெரியணும். உனக்குத் தூக்கம் போனா மொதல்ல பார்க்கப் போறது அவருதான்."

மறுநாள் காலை அவனிடம் சொன்னாள். வயிறு பெரிதானதிலிருந்து அவள் தறியில் உட்காருவதில்லை. அவன் கோர்வை இல்லாத சேலை ஒன்றைத் தனியாக நெய்துகொண்டிருந்தான். அவள் தரையில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல், தறியில் நீண்டிருந்த பாவு நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பாதியில் தறிச் சத்தம் நின்றுவிட்டது.

"மஞ்சகாமாலைன்னு சொன்னாங்களே" என்றான்.

"இல்ல."

"அஞ்சு வருஷமா?"

அவன் தறிக்குழியிலிருந்து எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனான். சாயந்திரம் ஜீவிதாவைப் பள்ளியிலிருந்து கூட்டிக்கொண்டுதான் வந்தான். அன்று அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த நாளும் பேசவில்லை.

ஆனால் நடப்பது மாறிவிட்டது. ஜீவிதாவை அவனே குளிப்பாட்டினான். கலைவாணி மகளுக்குத் தலை வாரினால் கதவோரம் வந்து நின்றான். கடைக்குப் போனால் குழந்தையையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். நாலாம் நாள் துணி துவைக்கப் பின்கட்டுக்குப் போனபோது, தண்ணீர்த் தொட்டியின் இரும்பு மூடியில் புதுப் பூட்டு ஒன்று தொங்குவதைக் கலைவாணி பார்த்தாள். துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"தொட்டிக்குப் பூட்டு போட்டிருக்கீங்க."

"குழந்த விளையாடற எடம்…"

"நடக்க ஆரம்பிச்சதுல இருந்து அங்கதான் விளையாடிக்கினு இருக்குது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னப் பார்த்து பயப்படறீங்க. எனக்கே என்ன நினைச்சா பயமாத்தான் இருக்குது. ஆனா நான் சொல்லாமயே இருந்திருக்கலாம். சொன்னதுக்கு இப்படி காவல் போட்டா, மறுபடி வந்தா நான் யார்கிட்டப் போய் சொல்லுவேன்?"

சிவபாலன் தறியோரம் உட்கார்ந்தான்.

"கோவம் உன் மேல இல்ல வாணி. அப்ப நான் வாராவாரம் தாமலுக்கு வந்தேன். பழம் வாங்கிக்கினு வந்தேன். வாசல்லயே நிக்க வெச்சி அனுப்பிட்டாங்க. நானும் சரின்னு திரும்பி வந்து இங்க நெய்துக்கினு இருந்தேன். நீ உள்ள எப்படிக் கெடக்கிறேன்னு ஒரு தடவ எட்டிப் பார்த்தேனா?"

பூட்டை அவன் அன்று எடுக்கவில்லை. அவளும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த வாரம் இரண்டு பேரும் சேர்ந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். பிரசவத்துக்குப் பிறகு அவள் சேர்ந்தாற்போல் ஐந்து மணி நேரமாவது தூங்கியாக வேண்டும், அந்த நேரம் குழந்தையை வேறு ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றாள். தூக்கம் கெட்டால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் வரவேண்டும் என்றாள். எல்லாவற்றையும் சிவபாலன் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டான்.

தாமலுக்கு வரவில்லை என்று சொன்னதும் தையல்நாயகி புறப்பட்டு வந்துவிட்டாள். மருமகன் வெளியே போகிற வரை காத்திருந்தாள்.

"வாழற பொண்ணு, பைத்தியம்னு நீயே பேர் வாங்கிக்கினியா? ஆம்பளைக்கிட்ட சொல்ற விஷயமாடி இது? நான் உன்னக் காப்பாத்திக் கொண்டாந்தேன்."

"காப்பாத்தினே. இல்லன்னு சொல்லலமா. ஆனா அந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன். அந்தத் தூளிச்சேலையும் வேணாம். நீ இங்க வந்து இரு."

தையல்நாயகி சாப்பிடாமல் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டாள். இரண்டு வாரம் போன் பண்ணவில்லை. அந்த இரண்டு வாரமும் கலைவாணி, தான் செய்தது தப்போ என்று நினைத்து நினைத்துச் சோற்றைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். தூளிக்குச் சிவபாலன் புதுச்சேலை வாங்கி வந்தான். அதை எங்கே கட்டுவது என்று ஜீவிதாதான் இடம் காட்டினாள்.

ஐப்பசி மழையில் ஒரு விடிகாலை வலி எடுத்தது. சிவபாலன் போன் பண்ணிச் சொன்னான். தையல்நாயகி முதல் பஸ்ஸைப் பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கே வந்து சேர்ந்தாள். பத்து மணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தம்பி வந்ததும் ஓடி விளையாடுவான் என்று எதிர்பார்த்திருந்த ஜீவிதாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

முதல் வாரம் நன்றாகப் போயிற்று. டாக்டர் சொன்னபடி முறை வைத்துக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள். ஒன்பதாம் நாள் கலைவாணிக்குத் தூக்கம் குறைந்தது. உடம்பு வலி என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பதினோராம் நாள் காலை சமையலறையில் நின்றபோது குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. எட்டிப் பார்த்தாள். குழந்தை அவள் அம்மா மடியில் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் திரும்ப வந்து அடுப்புத் திட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை போய்விடும் என்று ஒரு மனம் சொன்னது. சரியாகப் போய்க்கொண்டிருக்கிற இந்த வீட்டை மறுபடி கெடுக்கவேண்டுமா என்றது. கால் மணி நேரம் அப்படியே நின்றாள். பிறகு தறியிருந்த அறைக்குப் போனாள். சிவபாலன் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தான்.

"வந்துடுச்சிங்க" என்றாள்.

எது என்று அவன் கேட்கவில்லை. கையிலிருந்த இழையை விட்டுவிட்டு எழுந்தான். கூடத்தில் தையல்நாயகிக்கு எல்லாம் கேட்டது. தீட்டு கழியாத பெண் வாசல் தாண்டக்கூடாது என்று அவள் சொல்வாள் என்று கலைவாணி பயந்தாள். தையல்நாயகியோ அவளுக்கு முன்பே எழுந்தாள். குழந்தையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, ஆட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள்.

டாக்டர் கொடுத்த மாத்திரை உடனே கேட்கவில்லை. மூன்று வாரம் ஆகும் என்றார்கள், ஐந்து வாரம் ஆயிற்று. நடுவில் சில நாள் குழந்தையைத் தொடவே மாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். சிவபாலன் வற்புறுத்தவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தானே புட்டியில் பால் கொடுத்தான். ஒன்றரை மாதம் தறி அப்படியே கிடந்தது. தெருவில் ஆளுக்கு ஒன்று பேசினார்கள். அம்மாவுக்கு என்ன என்று ஜீவிதா கேட்டபோது, "கால்ல அடிபட்டா நடக்க முடியல இல்ல? அந்த மாதிரி மனசுக்கு" என்றான். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் அப்படியே சொல்லிவிட்டாள். கேள்விப்பட்டபோது கலைவாணிக்கு அவமானமாக இருந்தது. டீச்சர் பிறகு ஒரு நாள் வழியில் பார்த்து, தன் அக்காவுக்கும் இப்படித்தான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, குளிப்பாட்டும்போது குழந்தை அவள் முடியைப் பற்றி இழுத்தது. விடவில்லை. "விடுடா, வலிக்குது" என்று அவள் அதட்டினாள். அதட்டிய குரல் தன்னுடைய பழைய குரல் மாதிரி இருந்ததைச் சாயந்திரம்தான் நினைத்துப் பார்த்தாள்.

இப்போது பிள்ளைக்கு ஏழு மாதம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்தவில்லை. தையல்நாயகி ஊருக்குத் திரும்பிவிட்டாள். நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசுவாள் என்று கலைவாணியும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தினமும் போன் பண்ணி முதலில் கேட்பது, "தூங்கினியா?" என்பதுதான்.

காலையில் இரண்டு மணி நேரம் கலைவாணி மறுபடி தறியில் உட்காருகிறாள். சில நாள் காரணமில்லாமல் நெஞ்சு அடைக்கும். அப்போது நாடாவைப் பிடித்தபடியே சொல்லிவிடுவாள்.

"இன்னிக்கு ஒரு மாதிரி இருக்குதுங்க."

"டாக்டர்கிட்ட போலாமா?"

அவள் கொஞ்சம் யோசிப்பாள். "வேணாம். சொல்லணும்னு தோணுச்சு, சொன்னேன்" என்பாள்.

அவன் தலையசைத்துவிட்டு அடுத்த இழைக்குக் காத்திருப்பான்.