முப்பது, முப்பத்தைந்து, நாற்பது

தேனு, கதிரு, போன ஞாயிற்றுக்கிழமை நம்ம வூட்டுக்கு ஒரு பொண்ணு சர்வே எடுக்க வந்ததே, கையில் டேப்லெட்டோடு, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். "அங்கிள், உங்க வயசு?" என்று கேட்டது. "அறுவது இருக்கும்மா" என்றேன். உள்ளேயிருந்து நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். கதிர் வெளியே வந்து என் பிறந்த தேதியை ஒப்பித்துவிட்டு, "எங்க அப்பா எதையும் தோராயமாத்தான் சொல்வாரு" என்று அந்தப் பொண்ணு முன்னால் என் காலை வாரிவிட்டான். அந்தத் தேதி என் அம்மா சொன்னது இல்லை. எலவனாசூர்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்த அன்றைக்கு ஹெட்மாஸ்டர் போட்டது. ஜூன் மாதம். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஜூன்தான். மறந்துபோய் நான் அறுபது என்று சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொன்னேன். ஏன் என்று சொல்கிறேன், சிரித்து முடித்துவிட்டுப் படியுங்கள்.

அந்த டேப்லெட் உறையில் புது பிளாஸ்டிக் வாசனை அடித்தது. அது மூக்கில் ஏறியதும் கள்ளக்குறிச்சி ஏ.சி. ரூம் ஞாபகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்து ஊரில் அப்போது இருந்த ஏ.சி. ரூம் அது ஒன்றுதான். ஏ.சி. எங்களுக்காகப் போட்டதில்லை, கம்ப்யூட்டருக்காகப் போட்டது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒருநாள் தபால்காரர் எட்டிப் பார்த்தார். இருட்டில் பச்சை எழுத்து மின்னுவதைக் கண்டு என்ன தோன்றியதோ, ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

ஒரு ஆராய்ச்சி நிறுவனம் அங்கே கிளை போட்டிருந்தது. வீடு வீடாகப் போய் யார் என்ன சாதி, எத்தனை பேர் படித்தவர்கள், யாருக்கு என்ன வேலை என்று ஃபாரம் நிரப்பிக்கொண்டு வருவோம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கணக்குப் போட்டு அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்புவார்கள். பிள்ளைகள் தங்கிப் படிக்க எங்கெங்கே விடுதி திறக்கலாம் என்பதும் அதில் வரும். நான் பிளஸ் டூ, டைப்ரைட்டிங் லோயர். ஃபாரம் நிரப்பவும் போவேன், திரும்பி வந்து டைப்பும் அடிப்பேன். கூட வேலை பார்த்தவர் ரஜியா. கடைத்தெருவில் குடையும் டிரங்குப் பெட்டியும் விற்ற பாயின் மகள், கணக்கில் பட்டம் வாங்கியவர். பதினைந்து நாளைக்கு ஒருமுறை சென்னையிலிருந்து ஆய்வு அதிகாரி வருவார். அவரை நாங்கள் சார் என்றுதான் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரத்தை வெட்டிப் போட்ட வருஷங்கள் அவை. டீக்கடை, பஸ், கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் அதே பேச்சுதான். யார் எத்தனை பேர், யாருக்கு எத்தனை பங்கு. மறியலில் எங்கள் ஆட்களும் இருந்தார்கள். நான் வெள்ளிமலைக்குப் போக வேண்டிய வாரம் பார்த்து பஸ் நின்றுபோனது. ஃபாரக் கட்டை யூரியா சாக்கில் சுற்றி சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். வழியில் ஒரு புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. அதன்மேல் நாலைந்து இளவட்டங்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கடா போற?"

"கணக்கெடுக்கண்ணே."

"யாரு கணக்கு?"

"மலைமேல இருக்கற ஆளுங்க கணக்கு."

"மொதல்ல எங்க கணக்க எடுடா!"

"உங்களுத எடுத்தாச்சிண்ணே. அவங்களுததான் பாக்கி."

ஒருத்தன் சிரித்துவிட்டான். சிரித்தவனே இறங்கி வந்து, சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்து மரத்துக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தான். கச்சிராயபாளையத்தில் சைக்கிளை ஒரு கடையில் போட்டுவிட்டு மலை ஏறினேன். ஏறும்போது பாட்டுப் பாடினேன் என்றெல்லாம் கதை விட மாட்டேன். மூச்சு வாங்கியது, முட்டி வலித்தது, வேலையையும் சாரையும் திட்டிக்கொண்டேதான் ஏறினேன்.

மேலே முதல் வீடு சின்னத்தம்பிக் கவுண்டருடையது. பாறையில் சாமையைப் பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தார். பேர் சொன்னார், படிக்கவில்லை என்றார், எல்லாம் சரியாக வந்தது. வயசு என்று கேட்டதும் என்னையே பார்த்தார்.

"நீயே பார்த்துப் போட்டுக்கோ சாமி. போன தபா வந்த ஆளு நாப்பது போட்டான். நல்லாத்தான் இருந்துச்சி."

"அது எப்பங்க?"

"ரோடு போட்ட சமயம்."

உள்ளேயிருந்து அவர் சம்சாரம் முருகாயி குரல் கொடுத்தார். "அப்ப நாப்பதுன்னா இப்பவும் நாப்பதா? இது மட்டும் எளசாவே இருக்கும், நான் மட்டும் கெழவியாவணுமா? எனக்கும் அதையே போடு."

அடுத்தடுத்த வீடுகளிலும் இதே கதைதான். முப்பது போடு, முப்பத்தஞ்சி போடு, நாப்பதே இருக்கட்டும். அந்த மரம் நட்டபோது எத்தனை உயரம் இருந்தீங்க, மூத்த பிள்ளை பிறந்து எத்தனை வருஷம் என்று நானும் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். கடைசியில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துவந்த ஒரு வயசை எழுதினேன். மழை பிடித்துக்கொண்டது. நனைந்த ஃபாரங்களை முருகாயிதான் அடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டு உலர்த்திக் கொடுத்தார். கொடுக்கும்போது கேட்டார், "இதெல்லாம் எழுதிக்கினு போனா எங்களுக்கு இன்னா வரும்?"

"புள்ளைங்க தங்கிப் படிக்க ஹாஸ்டல் வரலாம்ங்க. உங்கள எல்லாரையும் எண்ணினாத்தான் வரும்."

"அப்ப ஒருத்தரையும் வுடாத. நல்லா எழுதிக்கினு போ."

அந்த ஃபாரங்களைப் பிரித்தபோது ஏ.சி. ரூம் முழுக்க விறகுப் புகை வாசனை. ரஜியா தும்மித் தும்மி எனக்கு 'மலை சார்' என்று பட்டமே வைத்துவிட்டார்.

சர்வேயைக் கணக்குப் போட அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் இருந்தது. அதன் வழிகாட்டிப் புத்தகம் செங்கல் கனம், பூராவும் இங்கிலீஷ். சார் இல்லாத நாட்களில் ரஜியா அதைப் படித்துத் தமிழில் சொல்வார், நான் டைப் அடிப்பேன். இப்போது மாதிரி தொட்டால் படம் வராது. கட்டளையை எழுத்து எழுத்தாக அடிக்க வேண்டும், முடிவில் முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அதுவும் சும்மா இருக்கும், நாமும் சும்மா அதையே பார்த்துக்கொண்டு இருப்போம். கரண்டில் கோளாறு என்று ஸ்டெபிலைசரைத் தட்டிப் பார்த்ததெல்லாம் உண்டு.

ஒருநாள் என் புத்திசாலித்தனத்தைக் காட்ட, இருக்கிற எல்லாக் கட்டத்துக்கும் சராசரி கேட்டேன். சாதிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் கொடுத்திருந்தோம். கம்ப்யூட்டர் கொஞ்சமும் கூசாமல் எல்லாச் சாதியையும் கூட்டி, ஆள்கணக்கால் வகுத்து, சராசரிச் சாதி இரண்டே முக்கால் என்று காட்டியது. ரஜியா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரித்தார்.

"வெளிய சொல்லிடாதீங்க மலை சார். ரெண்டேமுக்கால் எங்களுதுன்னு அதுக்கும் ஒரு மறியல் கெளம்பும்."

கம்ப்யூட்டருக்குக் கூச்சம் கிடையாது, கூச்சப்பட வேண்டியது நாம்தான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த முறை சார் வந்தபோது மலை ஃபாரங்களின் வயசைத் தனியாகப் படம் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு வயசுக்கும் எதிரே, அந்த வயசில் எத்தனை பேரோ அத்தனை நட்சத்திரக் குறி. முப்பதில் நீளமாக ஒரு வரிசை, முப்பத்தைந்தில் ஒன்று, நாற்பதில் பேப்பர் ஓரம் வரைக்கும் ஒன்று. நடுவில் மொட்டை. வயலைச் சுற்றி வேலிக்கல் நட்ட மாதிரி இருந்தது. சார் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டார்.

"இது ஊர் வயசு இல்லப்பா. ஒரே ஆள் உக்காந்து யோசிச்சு எழுதின வயசு."

"அவங்க சொன்னதுங்க சார்."

"பஸ்ஸே ஓடல. நீ எப்படி மேல போன?"

"காலு ஓடுச்சிங்க சார்."

அந்தப் பதில் அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஃபாரத்தை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். "டீக்கடை அடுப்பு வாசனை அடிக்குது" என்றார். முருகாயி பத்திரமாக உலர்த்திக் கொடுத்ததே எனக்கு எதிர்சாட்சியாகிவிட்டது.

"மலை ஃபாரம் எல்லாத்தையும் கணக்குல இருந்து எடுக்கப் போறேன். நீ இட்டுக்கட்டி எழுதிட்டேன்னு ஒரு வரி எழுதி, கையெழுத்துப் போட்டு வை. அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கறேன். வேலையில இருந்துக்கோ."

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. "கையெழுத்துதானேடா, போட்டுக் குடுத்துட்டுப் பொழப்பப் பாரு" என்றது. குத்தகை நிலத்தில் மல்லாட்டை விதைத்து மழைக்குக் காத்திருந்த வீட்டில் வேறு எப்படிச் சொல்வார்கள்?

ரஜியாதான் விடவில்லை. "கோவத்த அப்புறம் படுங்க. கடையில உக்காந்திருக்காரே எங்க அத்தா, அவருக்கு ரேஷன் கார்டுல ஒரு வயசு, ஓட்டர் லிஸ்ட்ல ஒரு வயசு. ரெண்டும் சைபர்ல முடியுது. என் வயசு மட்டும் கரெக்டா இருக்கு. ஏன் சொல்லுங்க?"

"நீங்க ஸ்கூலுக்குப் போனீங்க."

சொன்ன பிறகுதான் எங்கள் வகுப்பு ஜூன் மாதங்கள் எனக்கு உறைத்தன. பள்ளிக்கூடம் போனவனுக்குப் பொய்யோ மெய்யோ ஒரு தேதி இருக்கும். போகாதவனுக்கு நாற்பது போதும். மலையில் பள்ளிக்கூடம் போனவர்களை ஒரு பக்கம், போகாதவர்களை ஒரு பக்கம் பிரித்துக் காட்டு என்று கேட்பதற்குள் எங்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ஒருமுறை ஆண்களையெல்லாம் தொலைத்தோம், ஒருமுறை எல்லோரும் பள்ளிக்கூடம் போனதாக வந்தது. கடைசியில் சரியாக வந்தபோது இரண்டு பேரும் திரையை ஒட்டிக் குனிந்தோம். போனவர்களின் வயசு இருபத்திரண்டு, இருபத்தேழு, முப்பத்தொன்று என்று சிதறிக் கிடந்தது. போகாதவர்கள் பக்கம் மட்டும் வேலிக்கல். பிறகு வேறு ஆட்கள் நிரப்பிய கீழ்நாட்டு ஃபாரங்களையும் அப்படியே பிரித்தோம். திருநாவலூர்ப் பக்கம் படிக்காமல் கழனி வேலைக்குப் போன பெண்களிடமும் அதே வேலிக்கல். டீக்கடையில் உட்கார்ந்து இட்டுக்கட்டுகிறவன் இத்தனை யோசிப்பானா?

சார் வந்தார். ரஜியா இங்கிலீஷில் விளக்கினார். சார் கெட்டவர் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார்.

"சரி, நீ பொய் எழுதலன்னு ஒத்துக்கறேன். ஆனா தப்பான வயசு தப்பான வயசுதான். அறிக்கை மலையை விட்டுட்டுதான் போகும்."

"வயசு தப்புன்னா வயச எடுங்க சார். ஆள ஏன் எடுக்கறீங்க? படிச்சாங்களா, வேலை இருக்குதா, அதெல்லாம் சரியாத்தானே சொல்லியிருக்காங்க?"

"திரும்பச் செய்ய டைம் இல்லப்பா. ஃபைலுக்கு அந்த ஒரு வரி மட்டும் எழுதிக் குடு."

"பொய் எழுதலன்னு இப்பத்தான சொன்னீங்க?"

"அது வேற, ஃபைல் வேற."

"எனக்கு ரெண்டும் ஒன்னுதாங்க சார். எழுத மாட்டேன்."

"அப்ப திங்கக்கிழமை வராத."

"சரிங்க சார்."

குரல் நடுங்கியது, மறைக்க மாட்டேன். ஆனால் நடுங்கிக்கொண்டும் மாட்டேன் என்று சொல்லலாம், தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டில் போய்ப் படுக்க எனக்குத் தைரியம் வந்ததே இல்லை. வாழ்க்கையில் நான் செய்த மறியல் இது ஒன்றுதான். இன்றைக்குக் கேட்டாலும் எழுத மாட்டேன்.

அந்த ஏ.சி. ரூம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை, கண்ணாடிக் கதவோடு. யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை. பச்சை எழுத்து போய்விட்டது, கருத்த அப்பளம் மாதிரி வளைந்த ஃப்ளாப்பி போய்விட்டது, ரோட்டோரப் புளியமரங்கள் மறியலில் பாதியும் ரோட்டை அகலமாக்கியதில் மீதியும் போய்விட்டன. ரஜியா கல்யாணமாகி ஆம்பூர்ப் பக்கம் போனார் என்று கேள்விப்பட்டதோடு சரி. மலைக்கு விடுதி பின்னால் வந்தது, எங்கள் அறிக்கையால் இல்லை. இப்போது அங்கே பிறக்கிற குழந்தைக்கு ஆஸ்பத்திரியிலேயே மணி நிமிஷத்தோடு சர்டிபிகேட் கொடுத்துவிடுகிறார்கள். நல்லதுதான். நீயே பார்த்துப் போட்டுக்கோ என்று சொல்லும் மனுஷர்கள்தான் இல்லை. அவர்கள் பக்கம் நானாவது இருக்கட்டும் என்றுதான் அந்தப் பொண்ணிடம் அறுபது என்றேன்.

திங்கட்கிழமை வராதே என்று சொன்ன அந்தச் சனிக்கிழமை, சார் பஸ்ஸுக்குக் கிளம்பினார். ரஜியாவை அவர் அத்தா வந்து அழைத்துப் போனார். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுகிறேன் என்று நான் மட்டும் இருந்தேன். சார் எழுதி வைத்திருந்த கட்டளைகளைத் திறந்தேன். மலை ஊர்களை விட்டுவிடு என்று அதில் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எடுத்தேன். வயசுக் கட்டத்தையும் எடுத்தேன். மீதி எல்லாவற்றையும் எல்லாரையும் சேர்த்து ஓடவிட்டேன். பிரிண்டர் கரகரவென்று இழுத்து இழுத்து அடித்தது. திருநாவலூர், எலவனாசூர்கோட்டை, அதற்குக் கீழே வெள்ளிமலை. பேப்பரைக் கிழித்து, ஓரத்து ஓட்டைப் பட்டைகளை உரித்தேன். கடைசி வரிக்குக் கீழே என் பேரை, அப்பா பேரோடும் ஊரோடும் முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சார் மேஜைமேல் விரித்து வைத்து, பறக்காமல் இருக்கக் கண்ணாடிக் குண்டைத் தூக்கி மேலே வைத்தேன். அப்புறம் ஏ.சி.யை நிறுத்தினேன்.