அறுப்பின் பண்டிகையில் நான் வாசித்த பாடம்

பெருங்களத்தூருக்குக் குடிவந்த வருடம், எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் பழைய ஏற்பாட்டுப் பாடத்தை வாசிக்கும்படி ஆயர் என்னிடம் சொன்னார். அதிகாரமும் வசனமும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் வீட்டில் ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் போய்விட்டேன்.

பீடத்தைச் சுற்றி விளைச்சல் காணிக்கையாக வந்த வாழைத்தார்களும் பூசணிக்காய்களும் குவிந்திருந்தன. பாடகர் குழு அப்போதுதான் பாடிவிட்டு உட்கார்ந்திருந்தது. மைக்கில் இரண்டாவது வரிக்கு வந்தபோதுதான் என்ன வாசிக்கிறேன் என்பதே உறைத்தது. உங்கள் பண்டிகைகளை வெறுக்கிறேன், உங்கள் பாட்டுச் சத்தம் எனக்கு வேண்டாம், நியாயம் செய்யுங்கள் என்று தீர்க்கதரிசியின் வாயால் கடவுள் கொதித்துக்கொண்டிருந்தார். நிறுத்த வழியில்லை. நடுங்கும் குரலில் கடைசிவரை வாசித்தேன்.

ஆராதனை முடிந்ததும் ஆயரிடம் ஓடினேன். "மன்னிச்சிடுங்க ஐயா, தப்பான அதிகாரத்த வாசிச்சிட்டேன்."

"இல்ல சார், சரியாத்தான் வாசிச்சீங்க. சபையோட வருஷப் பாட அட்டவணையில இன்னைக்கு வந்ததே அதுதான். பண்டிகைன்னா நான் வேற பாடம் மாத்திக் குடுத்துடுவேன். இந்தத் தடவை மறந்துட்டேன்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே வந்தபோது பாடகர் குழுவின் அக்கா ஒருவர் சிரித்தபடி என்னை நிறுத்தினார்.

"வாய்ஸ் சூப்பர் தம்பி. அடுத்த பண்டிகைக்கும் நீங்களே வாசிங்க."