ஒன்றாம் வகுப்புக்கு வழி கேட்டவர்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தபோது என் கணவரின் போன் வந்தது. "அக்கா தூக்கத்துலயே போய்ட்டாங்க. வலி ஒண்ணும் இல்ல." முதலில் வந்தது அழுகையல்ல, நிம்மதி. ஓராண்டாக அமுதா அண்ணியின் உடம்பு பட்ட பாட்டைப் பார்த்த, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்த வந்திருக்கும் உங்களுக்கு இது புரியும்.

பாடியில் இருக்கும் தையல் கம்பெனியில் உங்களுக்கு அவர் சூப்பர்வைசர். எனக்கு நாத்தனார். கள்ளிக்குப்பத்துக்கு வாழ வந்தபோது நான் ப்ளஸ் டூவோடு நின்றிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்ற ஆசையை அண்ணியிடம் மட்டும் சொன்னேன். பி.எஸ்சி., பிறகு பி.எட். என்று முடிவு செய்து, ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனோம். சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போடப் போன நேரத்தில் அண்ணி என் கையைப் பிடித்தார்.

"ஒரு நிமிசம் சார். இவ ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கணும்னுகீறா. இத்த படிச்சா போவலாமா?"

அலுவலர் நிமிர்ந்தார். "இது பெரிய கிளாஸுக்கும்மா. ஒண்ணாவதுக்கு டிப்ளமா படிக்கணும். ப்ளஸ் டூ போதும், ரெண்டு வருசம். அப்புறம் தகுதித் தேர்வு."

நான் பேனாவை மூடினேன். அண்ணியோ சிரித்தார். "நல்லவேள கேட்டோம். எந்திரி, போலாம்."

ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இடம் கிடைத்ததும், கைக்குழந்தையாக இருந்த என் மகளை யார் பார்ப்பது என்று வீட்டில் பேச்சு எழுந்தது. அண்ணி இரண்டாம் ஷிப்டுக்கு மாறிக்கொண்டார். மதியம் அவர் கிளம்பும் நேரத்துக்கு என் கணவர் வேலை முடிந்து வந்துவிடுவார். இரண்டு வருடம் அண்ணி ஏன் காலை ஷிப்டே கேட்கவில்லை என்று உங்களில் சிலர் யோசித்திருக்கலாம். என் மகளுக்காகத்தான்.

முதல் முறை தகுதித் தேர்வில் தோற்று வந்து அழுதேன். "போனா போவுது, திரும்ப எழுது. நீ இன்னா எல்.கே.ஜி.யா, அழுவறதுக்கு?" என்றார். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டேன். அடுத்த முறை தேறி, ஒன்றாம் வகுப்பு டீச்சரானேன்.

உடம்பு முடியாமல் போன பிறகு ஒருநாள் என் வகுப்பைப் பார்க்க ஆட்டோவில் வந்தார். பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். "நீங்க யாரு?" என்றாள் ஒரு சிறுமி.

"புதுசா சேந்துகீறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்லிக் குடு."

அன்று மதியம்வரை அவருக்குப் பாடம் எடுக்க வகுப்பே அடித்துக்கொண்டது. நோயில் வாடிய அந்த முகம் மலர்ந்ததைப் பார்த்துவிட்டேன் என்பதே எனக்கு ஆறுதல்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, தெரியாததைக் கூச்சமில்லாமல் கேட்கும் அந்தத் துணிவைத்தான். என் வகுப்பில் கேள்வியோடு எழுந்து நிற்கும் பிள்ளையை நான் பதில் சொல்லாமல் உட்காரச் சொல்வதில்லை.