பேசாமல் இருந்தால் சம்மதமா?

அப்போது எங்கள் மலைக்கு ரோடு கிடையாது. ஊருக்கு அடுத்த இருபது வருஷத்துக்கான திட்டம் போட வந்த அதிகாரி ஊரைக் கூட்டி, "சாமைக் கொல்லை வழியா ரோடு போடலாமா?" என்று கேட்டார். வந்தவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்கள் வழக்கமில்லை. பேசாமல் இருந்தாலே மறுப்புதான். எல்லோரும் பேசாமல் இருந்தோம்.

"அப்ப எல்லாருக்கும் சம்மதம்" என்று அவர் கிளம்பினார்.

நான் எழுந்தேன். "வேணாங்க. அந்தக் கொல்லைதாங்க எங்க சோறு."

"விருந்தாளிகிட்ட இன்னாடி பேச்சு இது?" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார்.

"நாம சும்மா இருந்தது அவருக்கு சம்மதமாப் போச்சு, மாமா."

அதிகாரி மறுபடி உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கேட்டார். ரோடு கொல்லையைச் சுற்றிப் போனது.

இப்போது அந்தச் சுற்றுவழியில் நடக்கக் கால் வலிக்கிறது. குறை சொல்ல மாட்டேன். அந்த வளைவை வாய் திறந்து கேட்டு வாங்கியவள் நான்.