மாகிரட் அன்ரி கேட்ட படம்

இதை நான் என்ர மனிசிக்குக்கூடச் சொல்லேல்லை.

நாங்கள் புலம்பெயர்ந்து வந்து இருக்கிற செவன் ஹில்ஸில எங்கட பக்கத்து வீட்டு மாகிரட் அன்ரி, இங்கிலாந்தில டோர்செட் குன்றுகளுக்கு நடுவில பிறந்தவ. நான் லண்டன் போறன் எண்டதும், "எங்கட ஊர்த் தேவாலயத்தையும் வாசல் மரத்தையும் படமெடுத்து வருவியா?" எண்டு கேட்டா. "ஓம், கட்டாயம்" எண்டனான்.

கலியாணவீடு, கடைத்தெரு எண்டு நாள் போச்சு, அங்க போகவேயில்லை. திரும்பி வந்து, இணையத்தில எடுத்த படத்தை நான் எடுத்தது எண்டு காட்டினன். அதில மரம் பச்சைப்பசேலெண்டு நிண்டது. அன்ரி கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சுப் பார்த்தா.

"நல்ல வடிவு. போன வருசப் புயலில மரம் விழுந்திட்டுது எண்டு அங்க இருக்கிற என்ர தம்பி சொன்னவன்," எண்டா மெதுவா. "இரு, தேத்தண்ணி போடுறன்."

யாழ்ப்பாணம் போறவையிட்டையெல்லாம், அங்க விட்டிட்டு வந்த எங்கட வீட்டைப் படமெடுத்து வரச்சொல்லிக் கெஞ்சுற ஆள் நான். இப்ப ஒருத்தரிட்டையும் கேக்க வாய் வருகுதில்லை.