பிளாஸ்மான்னா இன்னா சார்?

போன வாரம் எங்கள் மேனாம்பேடு ஃபிளாட்டுக்கு ரஹீம் பாய் வந்தார். குமணன்சாவடியில் கேட், கிரில் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர். அவரைப் பார்த்ததும் என் கணவருக்கு முகமே விழுந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. இவர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். பிளாஸ்மா எப்படிக் கொதிக்கிறது, புரள்கிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு ஆராய ஒரு விஞ்ஞானியைத் தேடி வருஷத்துக்கு மேல் ஆகிறது. தகுதியானவர்கள் எல்லாம் வெளிநாட்டுக்குப் பறந்துவிடுகிறார்கள். கடைசியில் கிடைத்தவள் பாயின் மகள் ஷமீமா. இன்டர்வியூ முடிந்த அன்று இவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்!

ஆனால், அம்பத்தூரில் ஒரு ஐடி கம்பெனியும் அவளைக் கூப்பிட்டிருந்தது. அவள் இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போது அப்பா வந்து நிற்கிறார் என்றால்... வேறென்ன?

பாய் வெயில், டிராஃபிக் என்று சுற்றி வளைத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"பிளாஸ்மான்னா இன்னா சார்?"

சொந்தக்காரர்கள் கேட்கிறார்களாம். ஐடி என்றால் ஒரே வார்த்தை, மேலே யாரும் கேட்க மாட்டார்கள். பிளாஸ்மா என்றால் அவர் என்னவென்று சொல்வார்? பேசாமல் ஐடிக்கே போகட்டுமே என்று வீட்டில் பேச்சாம்.

"பொண்ணு சொல்லுச்சு சார். புரிஞ்ச மாதிரி தலையாட்டிட்டேன். மறுபடி கேக்கக் கூச்சமா கீது."

இவர் கொஞ்சம் யோசித்தார். வெல்டிங் ராடு நுனியில் பளீரென்று எரிகிறதே, அது பிளாஸ்மாதான், சூரியனும் அதுதான் என்றார்.

"அத்த நேராப் பாத்தா கண்ணு பூடும் சார்."

"அதான் பாய், உங்க பொண்ணு அதைக் கணக்குல பாக்குறாங்க."

பாய் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மறுநாள் ஷமீமா சம்மதம் சொல்லிவிட்டாள். இப்போது சொந்தக்காரர்களுக்கு அவள் அத்தாவே வகுப்பு எடுக்கிறாராம். "பாதி தப்பு சார், நான் திருத்தல" என்று சிரித்தாளாம்.

எனக்கு ஒன்று தோன்றியது. ஐடி மட்டும் நமக்குப் புரிந்துவிட்டதா என்ன? வார்த்தை பழகிவிட்டது — அவ்வளவுதான். பிள்ளைகள் நாளெல்லாம் எதில் மூழ்கிக் கிடக்கிறார்கள் என்று கேட்க, பாய்க்கு இருந்த மனசு எத்தனை பேருக்கு வரும்?

பெங்களூரில் ஐடியில் இருக்கும் என் மகனுக்கு அன்றே போன் போட்டேன். ஆபீஸில் நீ என்னதான் செய்கிறாய் என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

"ஏம்மா... யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றான்.